ஆளும் ஆத்மாவும் ஆளப்படும் ஆத்மாவும்: ப்ளேட்டோவின் ‘ஆல்கிபியாடீஸ்’ குறித்து ஒரு தாத்பர்ய விசாரம்

தன்னைத் தான் அறியவேண்டும் என்பது கிரேக்க நாட்டில் டெல்ஃபி என்னும் தலத்தில் அப்பொல்லோவின் கோயிலில் பொறிக்கப்பட்டிருந்த கட்டளை. அறியப்படவேண்டிய அந்தத் ‘தான்’ எது என்ற கேள்வியை நேராக எடுத்துக்கொண்டு விசாரிக்கும் கிரேக்க நூல்களில் ப்ளேட்டோவின் பெயரால் வழங்கும் ‘ஆல்கிபியாடீஸ்’ என்ற ஸம்வாதம் முதன்மையானது. இப்பெயரில் இரண்டு ஸம்வாதங்கள் உண்டு; இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது முதலாவதும் பெரியதுமாகும். இதில் தேஹம் வேறு, ஆத்மா வேறு என்று நிறுவும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, வேதாந்தம் சொல்வதே அங்கும் சொல்லப்பட்டது என்று முடித்துவிடுவது எளிது. அப்படி முடித்தால், அந்தப் பகுதி நிறைவுபெறவில்லை என்று நூலே ஒப்புக்கொள்வது கவனத்துக்கு வராமல் போகும். அந்தக் குறையை முன்னிட்டுக் கிரேக்க வ்யாக்யாதாக்கள் செய்த வாதங்களும், நூலின் தொடக்கமும் முடிவும் காட்டும் வேறொரு பொருளும் விடுபட்டுப்போகும்.

நூலின் அவதாரிகை

ஸம்வாதம் நிகழ்வதாகக் காட்டப்படும் காலம் பெலொபொன்னேஸியப் போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஏறக்குறைய கி.மு. 432. ஆல்கிபியாடீஸ் இருபது வயது நிரம்பாத இளைஞன். அழகும் குலமும் செல்வமும் உடையவன். தந்தை போர்க்களத்தில் இறந்தபின் ஏதென்ஸின் தலைவரான பெரிக்ளீஸின் பாதுகாப்பில் வளர்ந்தவன். இன்னும் சில நாட்களில் மக்கள் சபையில் ஏறிப் பேசி, ஊரை நடத்தத் தொடங்கவேண்டும் என்பது அவன் எண்ணம். பல ஆண்டுகள் அவனைக் கவனித்துவந்தும் ஒரு வார்த்தையும் பேசாதிருந்த ஸாக்ரடீஸ் அன்று முதன்முறையாகப் பேசுகிறார். ஊருக்கு எது நீதி, எது நன்மை என்று சொல்லப்போகும் அவனுக்கு அவ்விரண்டும் தெரியாது என்பதையும், தெரியாமையே தனக்குத் தெரியாதிருந்தது என்பதையும் அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்கிறார். அதன் பிறகே ஆத்ம விசாரம் வருகிறது. தன்னைப் பேணிச் சீர்படுத்திக்கொள்ள வேண்டுமென்றால், பேணப்படவேண்டிய ‘தான்’ எது என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா?

பிற்கால ப்ளேட்டோனியப் பள்ளிகளில் இந்நூலுக்குத் தனி இடம் இருந்தது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இயாம்ப்ளிகஸ், மாணாக்கர் கற்கவேண்டிய பத்து ஸம்வாதங்களில் இதை முதலில் வைத்தார். ப்ளேட்டோவின் தத்துவம் முழுவதும் விதையில் மரம்போல இதில் அடங்கியிருப்பதாக அவர் கருதினார் என்பது ப்ரோக்லஸின் வ்யாக்யானத்தால் தெரிகிறது. ஏதென்ஸில் பள்ளித்தலைவராயிருந்த ப்ரோக்லஸ் (412–485) இதற்கு இயற்றிய விரிவான வ்யாக்யானத்தில் முற்பகுதி மட்டும் கிடைத்துள்ளது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் கற்பித்த ஒலிம்பியோடோரஸின் வ்யாக்யானம் 28 பாடங்களாக முழுமையாகக் கிடைக்கிறது. ப்ரோக்லஸுக்குப் பின் வந்த டமாஸ்கியஸின் கருத்துக்களும் அதன் வழியாகவே அறியப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷ்லையர்மாஹர் இது ப்ளேட்டோவின் படைப்பன்று என்று ஐயுற்றார். அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. இயற்றியவர் எவராயினும், ஓர் ஆத்ம விசார நூலாக இது கற்கப்பட்டுவந்த முறையே இக்கட்டுரைக்கு வேண்டுவது.

கருவியும் கருவியை உடையவனும்

விசாரத்தின் நடுப்பகுதி மிக எளிய த்ருஷ்டாந்தத்தில் தொடங்குகிறது. தோல் வேலை செய்பவன் கத்தியைக் கையாள்கிறான். யாழ் வாசிப்பவன் யாழைக் கையாள்கிறான். கையாள்பவன் வேறு, கையாளப்படும் கருவி வேறு. இனி, தோல் வேலை செய்பவன் கத்தியை மட்டுமா கையாள்கிறான்? தன் கைகளையும் கண்களையும் சேர்த்தே கையாள்கிறான். அப்படியாயின் கைகளும் கண்களும் அவனுக்கு வேறானவை. அதுபோலவே மனிதன் தன் தேஹம் முழுவதையும் கையாள்கிறான். ஆகையால் அவன் தேஹத்துக்கு வேறானவன். தேஹத்தைக் கையாள்வது எது? ஆத்மா. கையாள்வது மட்டுமன்று, அதை ஆள்வதும் ஆத்மாவே.

மனிதன் என்பதற்கு மூன்று பக்ஷங்கள் அங்கே நிறுத்தப்படுகின்றன: தேஹம், ஆத்மா, இரண்டின் சேர்க்கை. தேஹம் தன்னைத் தான் ஆள்வதில்லை. சேர்க்கையும் ஆள்வதாகாது, சேர்ந்தவற்றில் ஒன்று ஆளப்படுவதாயிருக்க, இரண்டும் கூடி ஆள்கின்றன என்பது பொருந்தாது. எஞ்சியது ஆத்மா. ஆகவே மனிதன் என்பவன் ஆத்மாவே என்று பரிசேஷ ந்யாயத்தால் முடிவு செய்யப்படுகிறது.

தேஹாத்ம ப்ரமத்தை நீக்குவதற்கு இந்த யுக்தி உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆத்மா இங்கே எதைக் கொண்டு அறியப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்டதான தேஹத்தைக் கொண்டே அது அறியப்படுகிறது. கருவிக்கு உடையவன், ஆளப்படுவதை ஆள்பவன் என்பதே அதன் இலக்கணம். ஊரை ஆள விரும்பும் இளைஞனிடம், நீ இயல்பாகவே ஆள்பவன் என்று சொல்வதைப் போல இது முடிகிறது. இந்த இலக்கணத்தோடு நூல் நின்றிருந்தால், அவனுடைய நோயையே மருந்தாகக் கொடுத்ததாகும்.

நூலே ஒப்புக்கொள்ளும் குறை

யுக்தி முடிந்தவுடன் ஸாக்ரடீஸ் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். விசாரத்தின் தொடக்கத்தில் ‘தான்’ என்பதன் ஸ்வரூபத்தையே, அதாவது ‘தான்’ என்ற தன்மையையே, கண்டறிய வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். இப்போதோ அது கண்டறியப்படவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ‘தானும்’ எது என்பதே பார்க்கப்பட்டது என்கிறார். துல்லியமாக இல்லாவிட்டாலும் போதுமானது என்று ஸமாதானமும் சொல்கிறார். ஆத்மாவைவிட மேலாக ஆளும் தன்மையுடையது மனிதனிடத்தில் வேறொன்றில்லை என்பதே அந்த ஸமாதானத்துக்குக் காரணம்.

வ்யாக்யாதாக்களின் கருத்து வேறுபாடு இந்த இடத்தில் பிறக்கிறது. ஒலிம்பியோடோரஸ் காட்டுகிறபடி, ‘தான்’, ‘தான் என்ற தன்மை’, ‘ஒவ்வொரு தான்’ ஆகிய மூன்று சொற்களும் வெவ்வேறு பொருளன என்பதில் ப்ரோக்லஸும் டமாஸ்கியஸும் உடன்படுகின்றனர். பொருள் எவை என்பதில் வேறுபடுகின்றனர். ப்ரோக்லஸின் பக்ஷத்தில் ‘தான்’ என்பது அறிவு, வீரம், ஆசை என்ற மூன்று பகுதிகளோடு கூடிய ஆத்மா. ‘தான் என்ற தன்மை’ அறிவுள்ள ஆத்மா. ‘ஒவ்வொரு தான்’ என்பது தனித்த வ்யக்தி. டமாஸ்கியஸின் பக்ஷத்தில் ‘தான்’ என்பது தேஹத்தைக் கருவியாகக் கொண்டு ஊர் வாழ்வில் ஈடுபடும் அறிவுள்ள ஆத்மா. ‘தான் என்ற தன்மை’ தேஹத்தைக் கருவியாகக் கொள்ளாமல் தூய்மையடைந்து த்யானத்தில் நிற்கும் ஆத்மா. ஆகவே நூலின் நோக்கம் பொதுவாகத் தன்னை அறிதலே என்று ப்ரோக்லஸ் கொள்ள, ஊரை நடத்தும் மனிதனாகத் தன்னை அறிதல் என்று டமாஸ்கியஸ் கொள்கிறார்.

கருவியை வைத்துச் செய்த யுக்தி, கருவியைக் கீழே வைத்தவனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கத்தியைக் கையில் எடுக்காத நேரத்தில் அவன் யார்? டமாஸ்கியஸின் பிரிவு இந்தக் கேள்விக்கு இடம் தருகிறது. ப்ரோக்லஸின் பிரிவோ வேறொரு கேள்விக்கு இடம் தருகிறது: அறிவுள்ள ஆத்மா என்று சொன்னபின் இந்த ஆல்கிபியாடீஸ் என்ற வ்யக்தியைத் தனியாகச் சேர்க்கவேண்டியிருக்கிறதே, அந்த வ்யக்தித்வம் எங்கிருந்து வந்தது? ஸாக்ரடீஸ் நேசித்ததும் திருத்த விரும்பியதும் பொதுவான மனிதத் தன்மையை அன்று, எதிரில் நின்ற ஒருவனையே. அவனைத் தனியொருவனாக்குவது எது என்பதைக் கருவி யுக்தியால் சொல்ல முடியவில்லை.

கண்ணும் பாவையும்

இந்தக் குறைக்குப் பிறகே நூலின் புகழ்பெற்ற கண் த்ருஷ்டாந்தம் வருகிறது. கண் தன்னைப் பார்க்க விரும்பினால் எதைப் பார்க்கவேண்டும்? கண்ணாடியைப் பார்க்கலாம். அல்லது மற்றொருவரின் கண்ணை, அதிலும் பார்வை குடிகொண்ட கருமணியைப் பார்க்கலாம். பார்ப்பவனின் முகம் அதில் தெரியும். கிரேக்க மொழியில் கருமணிக்குப் பெயர் ‘கோரே’. சிறு பெண், பொம்மை என்பனவும் அச்சொல்லின் பொருள்கள். தமிழில் கண்ணின் ‘பாவை’ என்பதுபோலவே இது அமைந்திருக்கிறது. அவ்வாறே ஆத்மா தன்னை அறிய விரும்பினால் ஆத்மாவைப் பார்க்கவேண்டும். அதிலும் அறிவு நிகழும் இடத்தைப் பார்க்கவேண்டும். அந்த இடம் தெய்வத்தை ஒத்தது. அதைப் பார்த்துத் தெய்வத்தன்மை உடையதெல்லாம் அறிந்தவனே தன்னையும் நன்கு அறிவான்.

இதற்கு அடுத்து வரும் சில வரிகளில்தான் பாடபேதம். ப்ளேட்டோவின் நூற்பிரதிகளில் அவை இல்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பாலஸ்தீனத்துக் கிறிஸ்தவ ஆயர் யூஸிபியஸ் தம் நூலில் இப்பகுதியை எடுத்தாளும்போது அவ்வரிகளையும் சேர்த்துத் தருகிறார். பிற்காலத் தொகுப்பாளரான ஸ்டோபேயஸிடமும் அவற்றின் தடயம் உண்டு. கண்ணினுள் உள்ள கண்ணாடியைவிட வெளியே உள்ள கண்ணாடி தெளிவும் ஒளியும் மிக்கது. அதுபோல ஆத்மாவில் உள்ள மேலான பகுதியைவிட ஈச்வரன் தெளிவும் ஒளியும் மிக்கவன். ஆகவே ஈச்வரனை நோக்கினால் மிகச் சிறந்த கண்ணாடியைப் பெற்றவர்களாவோம் என்பது அவ்வரிகளின் கருத்து.

இவை மூலத்தைச் சேர்ந்தவையா, இடைச்செருகலா? இரு பக்கமும் நியாயம் உண்டு. சற்றுப் பின்னால் ஸாக்ரடீஸ், முன்பே சொன்னபடி தெய்வத்தன்மையும் ஒளியும் உடையதை நோக்கி நடக்கவேண்டும் என்கிறார். ஒளியைப் பற்றி முன்பே சொன்ன இடம் இந்த வரிகளன்றி வேறில்லை. இவற்றை நீக்கினால் பின்வாக்யம் ஆதாரமின்றி நிற்கும் என்பது ஏற்பவர்களின் வாதம். அந்தப் பின்வாக்யத்துக்கு ஓர் ஆதாரம் வேண்டுமென்றே பிற்காலத்தவர் எவரோ இவற்றை எழுதிச் சேர்த்திருக்கலாம் என்பது மறுப்பவர்களின் வாதம். பதிப்பாசிரியர்களும் இதில் ஒருமைப்படவில்லை.

இந்த விவாதம் பாடத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், பொருளைப் பற்றியதே. வரிகளை நீக்கினால் ஆத்மா மற்றோர் ஆத்மாவின் வழியாகவும், தன்னுள் இருக்கும் தெய்வீக அம்சத்தின் வழியாகவும் தன்னை அறியும். வரிகளைக் கொண்டால் தனக்கு மேலான ஈச்வரன் வழியாகவே அறியும். ஆத்மாவைக் கீழுள்ள தேஹத்தை வைத்து அறிந்த நடுப்பகுதிக்கு, மேலுள்ளவனை வைத்து அறியும் பகுதி நேர் எதிரில் நிற்கிறது. இத்தனை பெரிய திருப்பத்தை ஐயத்துக்குரிய சில வரிகளின்மேல் நிறுத்தலாமா என்ற ஆக்ஷேபம் எழுவது இயல்பு.

உபக்ரமமும் உபஸம்ஹாரமும்

ஒரு ப்ரகரணத்தின் தாத்பர்யத்தை உபக்ரமம், உபஸம்ஹாரம், அப்யாஸம் முதலான லிங்கங்களைக் கொண்டு நிர்ணயிப்பது மீமாம்ஸகர் காட்டிய வழி. வேத வாக்யங்களுக்குச் சொன்ன முறையைக் கிரேக்க நூலுக்குக் கொள்வது தகுமோ எனில், தகும். ஒவ்வொரு ஸம்வாதத்துக்கும் ஒரே நோக்கம் உண்டு என்பதும், அதன் முகவுரை அந்நோக்கத்தோடு இசைந்தே இருக்கும் என்பதும் ப்ரோக்லஸ் தம் வ்யாக்யானத்தில் கைக்கொண்ட நியதிகளே.

இந்நூலின் உபக்ரமம் எது? இத்தனை ஆண்டுகள் பேசாதிருந்ததற்குக் காரணம் மனிதக் காரணமன்று, ஒரு தெய்வீகத் தடை என்று ஸாக்ரடீஸ் முதல் வார்த்தையிலேயே சொல்கிறார். இப்போது அத்தடை நீங்கியதால் பேசுகிறார். பயன்படாத காலத்தில் பேச்சு வீணாகாதபடி தெய்வம் தடுத்திருந்தது என்று சிறிது பின்னால் விளக்குகிறார். நூலின் நடுவில், கருவி யுக்திக்கு முன்பே, இது மீண்டும் வருகிறது. பெரிக்ளீஸ் ஆல்கிபியாடீஸுக்குக் காவலராயிருப்பதுபோலத் தமக்கும் ஒரு காவலன் உண்டு, அவன் பெரிக்ளீஸைவிட மேலானவனும் அறிவுடையவனும் ஆவான் என்கிறார். யார் என்று கேட்க, இதுவரை தம்மைப் பேசவிடாமல் தடுத்த ஈச்வரனே என்கிறார். இது அப்யாஸம்.

உபஸம்ஹாரம் இன்னும் தெளிவானது. குணம் வாய்க்காத வரையில் ஆள்வதைவிட மேலானவரால் ஆளப்படுவதே, குழந்தைக்கு மட்டுமன்றி வளர்ந்த மனிதனுக்கும், நன்று என்று ஸாக்ரடீஸ் நிறுவுகிறார். ஆளப் புறப்பட்டவன் இப்போது ஆளப்பட வேண்டியவனாக நிற்கிறான். இந்நிலையிலிருந்து தப்புவது எப்படி என்று கேட்டபோது, ஸாக்ரடீஸ் விரும்பினால் தப்பலாம் என்று ஆல்கிபியாடீஸ் பதில் சொல்கிறான். அது சரியன்று என்கிறார் ஸாக்ரடீஸ். ஈச்வரன் விரும்பினால் என்று சொல்லவேண்டும் என்று திருத்துகிறார். சீடனின் பற்றைத் தம்மேல் நிறுத்திக்கொள்ளாமல் ஈச்வரன்மேல் திருப்பும் ஆசார்யனின் செயல் இது. அவனும் அப்படியே சொல்கிறான். அன்றுமுதல் ஸாக்ரடீஸைப் பின்தொடர்வதாகவும் உறுதி கூறுகிறான்.

தொடக்கத்தில் ஈச்வரனின் தடையும் அனுமதியும், நடுவில் ஈச்வரனின் காவல், முடிவில் ஈச்வரனின் ஸங்கல்பம். கருவி யுக்தி ஆத்மாவை ஆள்பவனாகக் காட்ட, அதைச் சூழ்ந்துள்ள நூல் முழுதும் ஆத்மாவை ஆளப்படுபவனாகக் காட்டுகிறது. பாடபேத வரிகளை முழுவதும் நீக்கிப் படித்தாலும் இந்தத் தாத்பர்யத்துக்குக் குறைவில்லை. அவ்வரிகளை எழுதியவர் ப்ளேட்டோ ஆனாலும், வேறு எவர் ஆனாலும், நூலின் போக்கை உணர்ந்தே எழுதினார் என்னலாம்.

ஸாம்யமும் பேதமும்

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் இரண்டாம் அத்யாயத்தின் முதற்பாதத்தில் சரீரத்துக்கு லக்ஷணம் அருளிச்செய்யும்போது, தரிக்கப்படுதல், நியமிக்கப்படுதல், சேஷமாயிருத்தல் என்ற மூன்று ஸம்பந்தங்களைக் கொள்கிறார். ஆல்கிபியாடீஸ் நூலின் யுக்தியில் இவற்றில் நியமனம் வெளிப்படையாக இருக்கிறது. கையாளப்படுவது கையாள்பவனின் பயனுக்கு என்ற அளவில் சேஷத்வத்தின் சாயலும் உண்டு. இவ்வளவே ஸாம்யம். இரு மரபுகளுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்ததாக இதனால் ஊகிக்க இடமில்லை.

பேதங்கள் மூன்று. முதலாவது, கத்தியைக் கீழே வைத்தாலும் கத்தி கத்தியாகவே இருக்கும். ஆத்மாவை விட்டுப் பிரிந்த சரீரம் சரீரமாக நிற்பதில்லை. கருவி ஸம்பந்தம் பிரிக்கக்கூடியது. சரீர ஸம்பந்தம் அப்ருதக்ஸித்தம். டமாஸ்கியஸ் ஆத்மாவைக் கருவியோடு கூடியது, கருவி இல்லாதது என்று இரண்டாகப் பிரிக்க நேர்ந்ததற்கு இந்த த்ருஷ்டாந்தமே காரணம். இரண்டாவது, கிரேக்க யுக்தியில் ஸம்பந்தம் ஆத்மாவோடு நின்றுவிடுகிறது. ஸ்ரீபாஷ்யகாரர் அந்தர்யாமி ப்ராஹ்மணத்தை ப்ரமாணமாகக் கொண்டு அதே ஸம்பந்தத்தை மேலும் கொண்டுசென்று, ஜீவாத்மாவே பரமாத்மாவுக்குச் சரீரம் என்று நிர்ணயிக்கிறார். தேஹத்தைப் பார்த்தால் சேஷியாக நிற்பவன் ஈச்வரனைப் பார்த்தால் சேஷன். மூன்றாவது, ஆத்மா அஹமர்த்தம், ‘நான்’ என்று தனக்குத் தோன்றுவதே என்று கொண்டால், வ்யக்தித்வத்தைப் பிறகு தனியாகச் சேர்க்கவேண்டிய அவசியம் நேராது. ப்ரோக்லஸைத் தடுத்து நிறுத்திய கேள்வி அங்கே எழுவதில்லை.

ப்ரணவத்தின் அர்த்தத்தை விரிக்கும் பூர்வாசார்யர்கள், அகாரத்தில் மறைந்த சதுர்த்தியால் சேஷத்வம் முன்னும், மகாரத்தால் ஞானமுடைய ஆத்மா பின்னும் சொல்லப்பட்ட க்ரமத்தை எடுத்துக்காட்டுவர். இன்னாருக்கு உரியவன் என்பது முன். அறிபவன் என்பது பின். ஆல்கிபியாடீஸ் நூலின் யுக்தியில் க்ரமம் வேறு: ஆள்பவன் என்பது முன், அறிபவன் என்பது அடுத்து, ஆளப்படுபவன் என்பது யுக்தியாக வராமல் கதையின் போக்காகவே வருகிறது. பாடபேத வரிகளைச் சேர்த்துக்கொண்டாலும் ஈச்வரன் அங்கே ஆத்மா தன்னைக் காணும் கண்ணாடியாகவே இருக்கிறான். கண்ணாடி காட்டும், தன்னைப் பார்ப்பவனை உடையதாகாது. கிரேக்க நூலில் ஈச்வரன் தடுக்கிறான், அனுமதிக்கிறான், காக்கிறான், ஸங்கல்பிக்கிறான். ஆத்மா அவனுடைய சொத்து என்ற எல்லைக்கு நூல் செல்லவில்லை. அதைச் சென்றதாகப் படிப்பது நூலுக்கும் நியாயமன்று, ஸித்தாந்தத்துக்கும் சிறப்பன்று.

பலம் என்னும் லிங்கத்தையும் விட்டுவிடலாகாது. நூலின் கடைசி வாக்யத்தில் ஸாக்ரடீஸ் ஓர் அச்சத்தைச் சொல்கிறார்: ஆல்கிபியாடீஸின் இயல்பில் நம்பிக்கையின்மையால் அன்று, ஊரின் வலிமையைப் பார்க்கும்போது அது தம் இருவரையும் வென்றுவிடுமோ என்று. நூலைப் படித்த கிரேக்கர்களுக்கு அடுத்து நடந்தது தெரியும். கி.மு. 415இல் ஆல்கிபியாடீஸ் ஏதென்ஸை ஸிஸிலிப் படையெடுப்புக்குத் தூண்டினான், தெய்வ நிந்தைக் குற்றச்சாட்டுக்கு அஞ்சி எதிரியான ஸ்பார்ட்டாவிடம் ஓடினான், கி.மு. 404இல் அந்நிய மண்ணில் கொல்லப்பட்டான். கி.மு. 399இல் ஸாக்ரடீஸுக்கு அதே ஊர் மரண தண்டனை விதித்தது. தேஹத்துக்கு வேறானவன் தான் என்பதை அந்த இளைஞன் ஒருநாள் தெளிவாக ஒப்புக்கொண்டான். ஈச்வரன் விரும்பினால் என்பதையும் அன்று சொன்னான். திருத்தப்பட்ட பிறகு, ஒரே ஒருமுறை.